எட்டு ஃபண்டுகள் இருந்தும் எல்லாம் ஏன் ஒன்றாகவே விழுகின்றன?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். எட்டு மியூச்சுவல் ஃபண்டுகள், வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்குகள், வங்கியில் ஒரு வைப்பு என்று பணத்தைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் சந்தை சரிந்தபோது எட்டு ஃபண்டும் சேர்ந்தே சரிந்தன. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றியமைப்பது, சந்தை உச்சத்தில் இருக்கும்போது கையிலுள்ள பணத்தைப் போடலாமா என்பவை உங்கள் கேள்விகள். ஃபண்டுகளின் பெயரைப் பற்றிக் கேட்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வேறு இரண்டு கேள்விகள். பிரிப்பது என்றால் எதை எதிலிருந்து பிரிப்பது? பிரித்தபின் அந்த விகிதத்தை எப்படிக் காப்பாற்றுவது? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் எந்த ஃபண்டை விற்பது என்பது ஒரு மாலை நேர வேலைதான்.

முதலில் எட்டும் ஏன் சேர்ந்து விழுந்தன என்று பார்ப்போம். எட்டுமே பங்கு ஃபண்டுகள் என்றால் அவை ஒரே கிணற்றில் இறங்கிய எட்டு வாளிகள். தண்ணீர் இறங்கினால் எல்லா வாளியிலும்தான் இறங்கும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒவ்வொரு ஃபண்டின் ஆண்டு ஏற்ற இறக்கமும், அதாவது திட்ட விலக்கம், 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டுறவு 0.9. ஒட்டுறவு என்பது இரண்டு முதலீடுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு: 1 என்றால் முழுக்கச் சேர்ந்தே, பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை. ஒரே சந்தையின் பெரிய நிறுவனப் பங்கு ஃபண்டுகளுக்கு இது சாதாரணமான அளவு. எட்டிலும் சம அளவு பணம் போட்டால் மொத்தத்தின் ஏற்ற இறக்கம் 19.1 சதவீதம். எட்டு ஃபண்டு வைத்துக் குறைத்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே! அதே 20 சதவீத ஏற்ற இறக்கம் கொண்ட இரண்டே முதலீடுகள், ஆனால் ஒட்டுறவு பூஜ்யம் என்றால், மொத்தம் 14.1 சதவீதமாக இறங்கிவிடும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இந்தத் துறைப் பணிக்காகத்தான். ஒரு முதலீடு தனியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட, மற்றவற்றோடு சேர்ந்து ஆடுகிறதா என்பதே முக்கியம்.

உங்கள் ஃபண்டுகள் எந்த அளவுக்கு ஒன்றேதான் என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒவ்வொரு ஃபண்டும் தான் வைத்திருக்கும் பங்குகளின் பட்டியலையும் சதவீதத்தையும் வெளியிடும். இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எந்தச் சதவீதம் சிறியதோ அதை மட்டும் எழுதுங்கள். முதல் ஃபண்டில் ஒரு வங்கி 8 சதவீதம், இரண்டாவதில் அதே வங்கி 6 சதவீதம் என்றால் 6. ஒரு மென்பொருள் நிறுவனம் முதலில் 5, இரண்டாவதில் 7 என்றால் 5. இப்படி எல்லாவற்றையும் கூட்டினால் வருவது இரண்டுக்கும் பொதுவான அளவு. அது 60ஐத் தாண்டினால் இரண்டில் ஒன்று தேவையில்லை என்று தயங்காமல் சொல்வேன். 30க்குக் கீழே இருந்தால் ஃபண்டுகள் வேறுவேறுதான். ஆனால் அப்போதும் இரண்டும் பங்குகளே என்பதை மறக்க வேண்டாம். பெரும் சரிவில் இரண்டும் விழும்.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். பெயர், இன்றைய மதிப்பு, வாங்கிய விலை, ஆண்டுச் செலவு விகிதம், வெளியேறும் கட்டணம், விற்றால் வரும் வரி, இவற்றோடு கடைசியாக ஒரு பத்தி: “இது எதனால் விழும்?” இந்தக் கடைசிப் பத்திதான் கண்ணைத் திறக்கும். பங்கு என்றால் நிறுவனங்களின் லாபம் குறைந்தால் விழும். நீண்டகாலக் கடன் பத்திரம் வட்டி விகிதம் ஏறினால் விழும். அதிக வட்டி தரும் தரம் குறைந்த கடன் பத்திரம், பெயரில் பத்திரமாக இருந்தாலும், பொருளாதாரம் தள்ளாடும்போது பங்கைப் போலவே விழும். வங்கி வைப்பின் எண்ணிக்கை குறையாது. அதன் வாங்கும் திறனைப் பணவீக்கம் தின்னும். 6 சதவீதப் பணவீக்கத்தில் பணத்தின் மதிப்பு சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கலப்பு ஃபண்டை ஒரே வரியில் எழுதாதீர்கள். அதில் 65 சதவீதம் பங்கு என்றால் அந்த 65ஐப் பங்கிலும் மீதி 35ஐக் கடனிலும் எழுதுங்கள். கலப்பு ஃபண்டு முழுவதையும் ‘பாதுகாப்பான பணம்’ என்று எண்ணிக்கொள்வது பலர் செய்யும் தவறு. குடியிருக்கும் வீட்டை இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். அதை விற்றுச் சாப்பிடப் போவதில்லை.

இனி விகிதம். பங்கு எத்தனை, கடன் பத்திரமும் வைப்பும் எத்தனை என்பதை வயதை வைத்து மட்டும் தீர்மானிக்கும் பழக்கம் உண்டு. நூறிலிருந்து வயதைக் கழி என்பார்கள். சுலபமாக நினைவில் நிற்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பலமில்லை. வருமானம் நிலையாக வருகிற ஐம்பது வயதுக்காரரும், மாதாமாதம் வருமானம் மாறுகிற முப்பது வயதுக்காரரும் ஒரே அளவு நட்டத்தைத் தாங்க மாட்டார்கள். நான் பரிந்துரைக்கும் வழி நட்டத்திலிருந்து தொடங்குவது. பங்குச் சந்தை பாதியாகக் குறையும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது மிகையான பயம் அல்ல. அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளை அளக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையே சுமார் 57 சதவீதம் விழுந்தது. மொத்தப் பணத்தில் எத்தனை சதவீதம் குறைந்தாலும் விற்காமல் இருப்பீர்கள் என்று உங்களையே கேளுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். 20 சதவீதம்தான் தாங்குவேன் என்றால் பங்கு அதிகபட்சம் 40. 30 தாங்கும் என்றால் 60. சதவீதமாகக் கேட்டால் எல்லோரும் தைரியமாகப் பதில் சொல்வார்கள். அதனால் அந்த 30 சதவீதம் உங்கள் எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்கிட்டு, உதாரணத்துக்குப் பதினெட்டு மாத உழைப்பு மறைந்துபோனதாகத் திரையில் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். அப்போது வரும் பதில்தான் உண்மையானது.

இதற்கு மேல் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கவே கூடாது. அவசரத் தேவைக்கான ஆறு மாதச் செலவும் இந்தக் கணக்குக்கு வெளியே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். காரணம் எளிது: சரிவு எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது யார் கையிலும் இல்லை. 2020 பிப்ரவரியில் தொடங்கிய சரிவை அமெரிக்கச் சந்தை ஆகஸ்டிலேயே மீட்டுவிட்டது. 2007இல் தொட்ட உச்சத்தை மீண்டும் தொட 2013 ஆயிற்று. தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000இல் தொட்ட உச்சத்துக்குத் திரும்ப 15 ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பர் உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. இவற்றில் ஈவுத்தொகை சேரவில்லை, சேர்த்தால் காத்திருப்பு குறையும் என்பது சரி. ஆனாலும் ஒரே நாட்டுப் பங்குகளில் மட்டும் எல்லாவற்றையும் வைப்பதற்கு எதிராக நிக்கேயைவிட வலுவான சாட்சி கிடையாது. பங்குப் பகுதியில் கொஞ்சத்தையாவது பல நாடுகளில் பரவிய குறியீட்டு ஃபண்டில், அதாவது ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டில், வைப்பதை நான் விரும்புவது இதனால்தான்.

சொத்து ஒதுக்கீடுதான் லாபத்தில் 90 சதவீதத்தைத் தீர்மானிக்கிறது என்று நீங்கள் எங்கேனும் படித்திருக்கலாம். அது 1986இல் பிரின்சன், ஹூட், பீபவர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 91 பெரிய அமெரிக்க ஓய்வூதிய நிதிகளை வைத்துச் செய்த ஆய்வு. பெரும்பாலும் தவறாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு நிதியின் வருவாய் காலாண்டுக்குக் காலாண்டு ஏறி இறங்குவதில் சுமார் 93.6 சதவீதத்தை அதன் ஒதுக்கீட்டுக் கொள்கை விளக்குகிறது என்பதே அவர்கள் கண்டது. லாபத்தின் அளவைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை. இருந்தும் உங்களுக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது: உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் ஆட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் கை வைக்க வேண்டிய இடம் விகிதம், ஃபண்டின் பெயரை மாற்றி அது நடக்காது.

கடன் பத்திரங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் நம்பிக்கை அதிகமாகவும் புரிதல் குறைவாகவும் இருக்கிறது. ஒரு கடன் ஃபண்டின் விவரத் தாளில் டியூரேஷன் என்று ஓர் எண் இருக்கும். அது 7 என்றால், வட்டி விகிதம் 1 சதவீதம் ஏறினால் ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் விழும். வட்டி இறங்கினால் அதே அளவு ஏறும். டியூரேஷன் 1 என்றால் விழுவதும் 1 சதவீதம்தான். 2022இல் அமெரிக்க மத்திய வங்கி ஒரே ஆண்டில் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியபோது, அந்நாட்டுப் பங்குகள் சுமார் 18 சதவீதமும் கடன் பத்திரக் குறியீடு சுமார் 13 சதவீதமும் விழுந்தன. பங்கு விழுந்தால் பத்திரம் தாங்கும் என்று நம்பியவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. ஆகவே உறுதியானது எது, உறுதியற்றது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். குறுகிய முதிர்வுள்ள, தரமான கடன் பத்திரம் பெரிதாக விழாது என்பது உறுதி, அது கணக்கு. பங்கும் நீண்டகாலப் பத்திரமும் எதிரெதிர்த் திசையில் போகும் என்பது உறுதியல்ல. அது சில காலங்களின் பழக்கம். பணம் எத்தனை ஆண்டு கழித்துத் தேவையோ, டியூரேஷன் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான தொல்லை தீரும்.

தங்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். தங்கம் வட்டியும் தராது, லாபமும் ஈட்டாது. டாலர் கணக்கில் 1980 ஜனவரியில் தொட்ட 850 என்ற விலையை 2008இல்தான் தாண்டியது. ஆனால் பங்கோடு அதற்கு ஒட்டுறவு குறைவு என்பதால் 5 முதல் 10 சதவீதம் வைப்பதில் நியாயம் உண்டு. வைக்காமல் விட்டாலும் குற்றமில்லை.

உங்கள் நிறுவனத்தின் பங்குகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். நிறுவனம் தடுமாறினால் சம்பளமும் சேமிப்பும் ஒரே வாரத்தில் போகும். 2001இல் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானபோது அதன் ஊழியர்களுக்கு நடந்தது அதுவே. அவர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கு மேல் அந்த நிறுவனப் பங்கிலேயே இருந்தது. தனிப் பங்குகளைப் பற்றி நிதித்துறைப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசம்பிண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அப்பட்டமானது. 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தை ஈட்டிய நிகர செல்வம் முழுவதும் ஏறத்தாழ 4 சதவீத நிறுவனங்களிலிருந்து வந்தது. மீதியெல்லாம் சேர்ந்து, அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம் தந்த அளவுக்குத்தான் தந்தன. உங்கள் நிறுவனம் அந்த 4 சதவீதத்தில் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அதை உள்ளேயிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். இப்போது அதைவிட அதிகம் என்றால், நான்கு தேதிகளைக் காலண்டரில் குறித்து, மிகுதியை நான்கு சமபாகமாக விற்றுவிடுங்கள். விலையைப் பார்த்து விற்கலாம் என்று நினைத்தால் விற்கவே மாட்டீர்கள்.

இப்போது எந்த ஃபண்டுகள் என்ற கேள்விக்கு வரலாம். உள்நாட்டுப் பங்குக் குறியீட்டு ஃபண்டு ஒன்று, உலகப் பங்குக் குறியீட்டு ஃபண்டு ஒன்று, குறுகிய முதிர்வுக் கடன் ஃபண்டு அல்லது வைப்பு ஒன்று. மூன்று போதும், நான்கு தாராளம். தேர்வில் நான் முதலில் பார்ப்பது செலவு விகிதம், ஏனென்றால் நாளைய லாபம் யூகம், செலவு மட்டும் நிச்சயம். செலவுக்கு முன் ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் 100 என்ற தொகை, 0.2 சதவீதச் செலவில் 30 ஆண்டில் சுமார் 952 ஆகும். 1.5 சதவீதச் செலவில் சுமார் 661தான் ஆகும். ஆண்டுக்கு 1.3 சதவீதம் என்று காதில் விழும்போது சின்னதாகத்தான் தெரிகிறது. முப்பது ஆண்டில் அது போட்ட முதலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கைக் கொண்டுபோகிறது. சிறந்த மேலாளரைக் கண்டுபிடித்து அந்தச் செலவை ஈடுகட்ட முடியாதா என்றால், முடிந்தவர்கள் உண்டு. ஆனால் கடந்த மூன்றாண்டு முதலிடம் அடுத்த மூன்றாண்டைப் பற்றி நம்பத்தக்கதாக எதுவும் சொல்வதில்லை.

பழைய எட்டிலிருந்து புதிய மூன்றுக்கு வருவதிலும் வரிசை உண்டு. நட்டத்தில் இருப்பதையும் லாபம் சொற்பமாக இருப்பதையும் முதலில் விற்கலாம், வரி குறைவு. வெளியேறும் கட்டணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை அந்தத் தேதி கடக்கும்வரை விடுங்கள். லாபம் பெருகி, விற்றால் பெரிய வரி வரும் ஃபண்டை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய பணம் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். அதைப் புதிய கணக்கில் பங்குப் பகுதியாகவே எண்ணுங்கள். ஒரு பங்கு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது விற்ற பணம் கைக்கு வந்த அன்றே அடுத்ததை வாங்கிவிடுங்கள். இறங்கட்டும் என்று அந்தப் பணத்தோடு காத்திருப்பது வேறொரு சூதாட்டம்.

விகிதத்தைக் காப்பதற்கு, அதாவது ரீபேலன்ஸ் செய்வதற்கு, ஓர் உதாரணம். 1,000இல் 600 பங்கு, 400 கடன். பங்கு 40 சதவீதம் ஏறி 840 ஆகிறது, கடன் 5 சதவீதம் ஏறி 420. மொத்தம் 1,260, பங்கு இப்போது 66.7 சதவீதம். குறி 60, ஆகவே 84ஐப் பங்கிலிருந்து கடனுக்கு மாற்ற வேண்டும். ஆனால் உடனே விற்க வேண்டாம். மாதம் 10 புதிதாகப் போடுபவர் என்றால், அதை முழுவதும் கடன் பக்கம் திருப்பினால், சந்தை அசையாத பட்சத்தில் ஓராண்டில் கடன் 540, மொத்தம் 1,380, அதாவது 39.1 சதவீதம். ஒன்றும் விற்காமல், வரி கட்டாமல் வேலை ஏறக்குறைய முடிந்தது. முதலில் புதிய பணம், பிறகு ஈவுத்தொகையும் வட்டியும், கடைசியில்தான் விற்பனை என்ற வரிசையை மாற்ற வேண்டாம். தொகை பெரிதாக வளர்ந்தபின் மாதச் சேமிப்பால் மட்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. அப்போது விற்கத்தான் வேண்டும்.

எப்போது என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முன்பே குறித்த தேதியில் பாருங்கள். பெரிய பகுதிகள் குறியிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கை வையுங்கள். தங்கம்போல 10 சதவீதப் பகுதி என்றால் 2.5 புள்ளி. விலகவில்லையென்றால் தாளை மூடிவிடுங்கள். ஏறும்போது விற்பது எல்லோராலும் முடியும். எதிர்த்திசைதான் கடினம்: அதே 600 பங்கு 40 சதவீதம் விழுந்து 360 ஆனால், கடன் 400ஓடு மொத்தம் 760, பங்கு 47.4 சதவீதம். விதிப்படி 96ஐக் கடனிலிருந்து எடுத்து, எல்லோரும் விற்றுக்கொண்டிருக்கும் பங்கை வாங்க வேண்டும். அந்த நாளில் மனம் ஆயிரம் காரணம் சொல்லும். அதற்காகத்தான் விகிதம், விலகல் எல்லை, பார்க்கும் தேதி மூன்றையும் இப்போதே எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி வைக்கச் சொல்கிறேன்.

இதனால் லாபம் கூடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ரீபேலன்ஸ் செய்தால் அபாயம் நீங்கள் தீர்மானித்த அளவில் நிற்கும் என்பது உறுதி. லாபம் கூடுமா என்பது சந்தை போகும் பாதையைப் பொறுத்தது. பல ஆண்டுகள் தொடர்ந்து ஏறும் சந்தையில், ஒன்றும் செய்யாதவர் உங்களைவிட அதிகம் வைத்திருப்பார். அவர் சுமப்பதும் அதிகம்.

கடைசியாக, சந்தை உச்சத்தில் இருக்கும்போது போடலாமா? அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்று நாடுகளின் பழைய தரவுகளை வைத்து வேன்கார்டு என்ற அமெரிக்க ஃபண்டு நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தமாகப் போட்டவர்கள் ஓராண்டில் பிரித்துப் போட்டவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை முன்னால் இருந்தார்கள். மீதி ஒரு முறை பின்தங்கினார்கள், அந்த ஒரு முறைதான் மனத்தை உடைக்கும். உங்கள் மொத்தப் பணத்தோடு ஒப்பிட்டால் கையிலுள்ளது பத்தில் ஒரு பங்குக்குள் என்றால் விகிதப்படி இன்றே போடுங்கள். பாதிக்கு மேல் என்றால், கடன் பகுதியை உடனே நிரப்பிவிட்டு, பங்குப் பகுதியை ஆறு சம தவணைகளாக, மாதம் ஒரே தேதியில் போடுங்கள். இடையில் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் தேதி மாறக் கூடாது. இதற்கெல்லாம் முன், அதிக வட்டிக் கடன் ஏதேனும் இருந்தால் அந்தப் பணத்தில் முதலில் அதை அடைத்துவிடுங்கள். 15 சதவீத வட்டிக் கடனைத் தீர்ப்பது, அபாயமே இல்லாமல் 15 சதவீதம் ஈட்டுவதற்குச் சமம். அப்படி ஒரு ஃபண்டு எங்கேயும் கிடையாது.